சிபேனலில் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளைச் சேர்த்த பிறகும் மின்னஞ்சல் ஸ்பேமுக்கே போவது ஏன்?

எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைன் பெயரில் மடல் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் பதிவு. டிகிம் என்பது மடலில் இடும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் சாவி. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில், டொமைனின் பதிவுகளைத் திருத்தும் பக்கமான சோன் எடிட்டரில் இவற்றைச் சேர்த்தும் ஜிமெயில் ஏற்கவில்லை என்றால், உங்கள் டொமைனின் நேம்சர்வர் (டொமைனின் பதிவுகளை வெளியுலகுக்குச் சொல்லும் சர்வர்) வேறெங்கோ இருக்கிறது என்றே முதலில் சந்தேகிப்பேன். டொமைனை ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறிடத்திலும் வாங்கியவர்களுக்கு இது சகஜம். நேம்சர்வர் எந்த நிறுவனத்தைச் சுட்டுகிறதோ, அங்கே இருக்கும் பதிவுகளைத்தான் வெளியுலகம் படிக்கும். சோன் எடிட்டர் நீங்கள் எழுதுவதை மறுக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் அதை யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

மதுரை கீழமாசி வீதியில் வற்றல், மல்லி மொத்த வியாபாரம் செய்யும் என் தாய்மாமாவின் கடையில் இதுவே நடந்தது. காலையில் அனுப்பும் விலைப்பட்டியல் கேரளத்து வியாபாரிகளின் ஸ்பேமில் போய் விழ, அவர்கள் பழைய விலைக்கே ஆர்டர் சொல்ல, தொலைபேசியில் ஓயாத வாக்குவாதம். இணையதளம் செய்து கொடுத்தவரோ, "நான் எல்லாம் போட்டுட்டேன் அண்ணாச்சி, அவங்க பக்கம்தான் பிரச்சினை" என்று சிபேனல் திரையைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஸ்பேமில் கிடந்த ஒரு மடலை ஜிமெயிலில் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' பார்த்தேன். எஸ்பிஎஃப் வரியில் 'பெர்ம்எரர்', அதாவது பதிவிலேயே பிழை, என்றிருந்தது. டிகிம் வரியே இல்லை. டொமைன் வாங்கிய இடத்திலேயே நேம்சர்வர் இருந்தது. அங்கே பழைய ஹோஸ்டிங்கின் எஸ்பிஎஃப் பதிவு ஒன்றும், செய்திமடல் சேவைக்காகப் பின்னர் சேர்த்த இன்னொன்றும் கிடந்தன. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. எல்லாவற்றையும் ஒரே வரியில் இணைக்க வேண்டும். அப்படி இணைக்கும்போதும் அந்த வரி கோரும் டிஎன்எஸ் (டொமைன்களின் பதிவுகளைத் தரும் அமைப்பு) தேடல்கள் 10-ஐத் தாண்டக் கூடாது.

சிபேனலில் 'இமெயில் டெலிவரபிலிட்டி' பக்கத்திற்குச் செல்லுங்கள். டிஎன்எஸ் அந்த சர்வரின் கட்டுப்பாட்டிலேயே இருந்தால் 'ரிப்பேர்' பொத்தானே வேலையை முடித்துவிடும். இல்லாவிட்டால் 'மேனேஜ்' உள்ளே காட்டும் பதிவுகளை நகலெடுத்து, நேம்சர்வர் இருக்கும் இடத்தில் டிஎக்ஸ்டி (எழுத்து வடிவப்) பதிவுகளாகச் சேர்க்க வேண்டும். பெயர்க் கட்டத்தில் டொமைன் பெயரையும் சேர்த்து ஒட்டிவிடாதீர்கள். பல தளங்கள் அதைத் தாமாகவே பின்னால் சேர்த்துக்கொள்வதால் டொமைன் பெயர் இருமுறை வந்து, பதிவு யார் கண்ணிலும் படாமல் போகும். 2048 பிட் டிகிம் சாவி 255 எழுத்துகளைத் தாண்டும் என்பதால், சில இடங்களில் அதை இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரித்தால்தான் ஏற்பார்கள். இந்தச் சோதனைகளில் தேறாத மடலை என்ன செய்வது என்று பெறுபவரின் சர்வருக்குச் சொல்லும் டிமார்க் பதிவைக் கடைசியில் சேருங்கள். அதன் கொள்கையை முதலில் 'நன்' (எதுவும் செய்யாதே) என்று வைத்து, வரும் அறிக்கைகளைப் படித்த பின்பே 'குவாரண்டைன்' (ஸ்பேமில் போடு) ஆக்குங்கள். எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' (ஏற்காதே) போட்டால், மறந்துபோன ஏதோ ஒரு சேவை வழியாகப் போகும் உங்கள் சொந்த மடலே திரும்பி வரும்.

"சிறு கடைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு: 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் நிறுவனம் ஜிமெயிலுக்கு அனுப்பும் அனைவரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கேட்கிறது, நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் அனுப்பினால் இரண்டோடு டிமார்க்கும் வேண்டும். காசு கொடுத்து வேறு அஞ்சல் சேவைக்கு மாறினாலும் இந்தப் பதிவுகளிலிருந்து விடுதலை கிடையாது. இத்தனையும் சரியாக இருந்தாலும் மடல் இன்பாக்ஸில்தான் விழும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. ஆள்மாறாட்டம் இல்லை என்று மட்டுமே இவை நிரூபிக்கும்.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் வேறு. கடையின் டொமைனை அந்த இணையதளக்காரர் தன் பெயரிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறார். மாமா ஆண்டுதோறும் பணம் கட்டுகிறார். ஆனாலும் டிஎன்எஸ்ஸில் ஓர் எழுத்தை மாற்றக்கூட அந்த இணையதளக்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. உங்கள் டொமைன் யார் கணக்கில் இருக்கிறது என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.