பழைய சாகசங்களுக்கு ஓய்வு: சேலம் ஆட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் புகுந்து ஆடும் ரோல்பிளே ஆட்டம் நம்முடையது. சேலத்திலும் ஏற்காட்டிலும் நாலைந்து மேசைகளில் ஒரே கேம்பெய்ன், அதாவது பல சாகசங்கள் சேர்ந்த ஒரே தொடர்கதை, ஓடுகிறது. அஸ்தம்பட்டியில் ஆடிய கேரக்டரை அடுத்த வாரம் ஏற்காட்டு மேசைக்குக் கொண்டுபோகலாம். ஒவ்வொரு சாகசம் முடிந்ததும் ஜிஎம் (கேம் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) கையெழுத்துப் போட்டுத் தரும் பதிவுத்தாள்தான் அதற்குச் சாட்சி. பழைய சாகசங்கள் சிலவற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம், அதாவது இனி அவற்றைப் பதிவுக்கு ஆட வேண்டாம் என்று பேச்சு எழுந்ததும் வந்த கேள்விகள் இவை.

ஐந்து ரோடு, கல்லூரி மாணவர்: அக்கா, சாகசத்தோட பிடிஎஃப் கையில இருக்கு. வேணுங்கறவங்க ஆடட்டும், வேணாங்கறவங்க விடட்டும். ஓய்வு எதுக்கு?

வீட்டு ஆட்டமென்றால் நீங்கள் சொல்வதே சரி, தம்பி. ஒரே ஜிஎம், ஒரே குழு. விதி பழசானால் அங்கேயே பேசி முடித்துக்கொள்ளலாம். கேரக்டர் மேசை மாறிப் போகும் கேம்பெய்னில் அது நடக்காது. இதேபோல மேசை மாறி ஆடும் பெரிய கேம்பெய்னான பாத்ஃபைண்டர் சொசைட்டி 2008-ல் தொடங்கியபோது, அதன் சாகசங்கள் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற ஆட்டத்தின் 3.5 பதிப்பு விதிகளுக்கு எழுதப்பட்டவை. 2009 ஆகஸ்டில் பாத்ஃபைண்டருக்கென்றே விதிநூல் வந்துவிட்டது. பழைய சாகசத்தை எடுக்கும் ஜிஎம், எதிரிகளின் பலத்தைக் காட்டும் எண்களைத் தானே புது விதிக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மாற்றினால் சண்டை சப்பென்று முடியும், இன்னொருவர் மாற்றினால் இரண்டு கேரக்டர் சாகும். பரிசு மட்டும் இரண்டு மேசைக்கும் ஒன்று. அந்தத் தொடக்க காலச் சாகசங்களில் சிலவற்றைத் திருத்தி வைத்துக்கொண்டார்கள், சிலவற்றுக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

இன்னொரு காரணம் கதை. பத்தாம் சாகசத்தில் செத்த கோட்டைத் தலைவர் மூன்றாம் சாகசத்தில் உட்கார்ந்து வேலை கொடுப்பார். வரிசை மாறி ஆடும் புது ஆளுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

பரிசு அதிகம் என்பதை மட்டும் காரணமாக எடுக்காதீர்கள். அதற்குப் பதிவுத்தாளில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். நல்ல கதையை ஒரு பை தங்கத்துக்காகப் பலி கொடுக்கக் கூடாது.

சூரமங்கலம், புது ஜிஎம்: 1 முதல் 4 லெவலில் (வளர்ச்சிப் படியில்) உள்ள கேரக்டர்களுக்கு நம்மிடம் 24 சாகசம் இருக்கிறது. பாதியை எடுத்துவிட்டு 12 வைத்தால் போதாதா? மூன்று சாகசத்துக்கு ஒரு லெவல். 5-ஆம் லெவலைத் தொட 12 சரியாக இருக்கிறதே.

ஓர் ஆளுக்குச் சரி. மேசைக்குச் சரிவராது. பெரும்பாலும் இங்கேதான் கணக்கு தப்புகிறது.

ஒரு சாகசத்தை ஒருவர் ஒரு தடவைதான் பதிவுக்கு ஆடலாம் என்பது விதி. மேசையில் ஐந்து பேர், ஆளுக்கு ஆறு சாகசம் ஏற்கெனவே ஆடியவர்கள், எந்த ஆறு என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று வையுங்கள். மொத்தம் 12 என்றால், ஒரு குறிப்பிட்ட சாகசத்தை ஒருவர் ஆடாதிருக்கும் வாய்ப்பு பாதி. ஐந்து பேருமே ஆடாதிருக்கும் வாய்ப்பு 32-ல் 1. பன்னிரண்டுக்கும் கூட்டினால் 0.4 சாகசம்கூட வராது. மூன்று ஞாயிறு கூடினால் ஒரு ஞாயிறுதான் எல்லோருக்கும் பொதுவாக ஏதாவது கிடைக்கும். அதே ஐந்து பேர், மொத்தம் 24 என்றால் வாய்ப்பு முக்காலாகிறது. முக்காலை ஐந்து தடவை பெருக்கினால் 0.24 அளவில் வரும், அதை 24-ஆல் பெருக்கினால் ஐந்தாறு சாகசம் தேறும்.

எப்போதும் ஒரே ஐந்து பேர் சேர்ந்து ஆடினால் இந்தச் சிக்கல் வராது. நம் மேசைகளில் வாரம் ஒரு முகம் மாறுகிறது. அதனால் கீழ் லெவலில் 24-ஐ விட்டுக் கீழே இறங்க வேண்டாம். இரண்டு எடுத்தால் இரண்டு சேருங்கள். புதியது மேசைக்கு வந்த பிறகுதான் பழையது போக வேண்டும்.

ஆத்தூர்: எதை எடுப்பது என்று எப்படித் தீர்மானிப்பது? ஓட்டெடுப்பு நடத்தலாமா?

வேண்டாம். ஓட்டில் புதியவர்களுக்குப் பிடித்தது ஜெயிக்கும், அவர்கள் ஆடாதது தோற்கும். ஒரு தாளில் சாகசத்துக்கு ஒரு வரி போடுங்கள்: லெவல், எந்த விதிப்பதிப்பு, கடந்த 12 மாதத்தில் எத்தனை மேசை, எந்தச் சாகசத்தோடு தொடர்பு, எத்தனை ஜிஎம்கள் தயாராக ஓட்டுவார்கள். கடைசிக் கட்டத்தை யாரும் போடுவதில்லை, ஆனால் அதுதான் அதிகம் சொல்லும். வருஷம் முழுக்க ஒரு மேசைகூட இல்லாத சாகசத்தைப் பார்த்தால், ஆள் வராததைவிட அதைத் தயார்செய்ய ஆறு மணி நேரம் ஆவதுதான் காரணமாக இருக்கும். அப்படிப்பட்டதற்கு ஓய்வு வேண்டாம். வரைபடத்தையும் திருத்திய எண்களையும் ஒருவர் செய்து வைத்தால் மறுபடி ஓடும்.

கொண்டலாம்பட்டி: மூன்று பாகத் தொடரில் இரண்டு ஆடிவிட்டேன். மூன்றாவதற்கு நாள் குறித்துவிட்டால் என் கதி?

தொடருக்குத் தொடராகத்தான் ஓய்வு கொடுக்க வேண்டும், பாகம் பாகமாக அல்ல. அறிவிப்பிலிருந்து குறைந்தது 90 நாள் கெடு விடுங்கள். முதல் 30 நாளுக்குப் பிறகு யாரும் முதல் பாகத்தைப் புதிதாகத் தொடங்கக் கூடாது. இல்லாவிட்டால் கடைசி வாரத்தில் பாதியில் நிற்பவர் கூட்டம் பெருகும். கடைசி நாளை ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்திலோ பொதுத்தேர்வு மாதத்திலோ வைக்காதீர்கள். மேசை நிறையாது, பழி சாகசத்தின் மேல் விழும்.

அறிவிப்பு இவ்வளவு இருந்தால் போதும்:

«எண் 7, 8, 9 (ஒரே தொடர், லெவல் 3–4). எண் 7-ஐத் தொடங்கக் கடைசி நாள்: ___. எண் 9-ஐ முடிக்கக் கடைசி நாள்: ___. அதன்பின் ஆடினால் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), தங்கம் கிடையாது. ஏற்கெனவே பெற்றவை அப்படியே செல்லும். காரணம்: எண் 14-இல் கதை மாறிவிட்டது. இதற்குப் பதில் வருபவை: எண் 31, 32, 33.»

காரணமும் பதிலும் இல்லாத அறிவிப்பைப் போட்டால் அடுத்த பத்து நாளும் வாட்ஸ்அப்பில் விளக்கம்தான் எழுத வேண்டியிருக்கும்.

அஸ்தம்பட்டி: அந்தத் தொடரில் என் கேரக்டருக்கு ஒரு வாள் கிடைத்தது. அதுவும் போய்விடுமா?

போகாது. நியாயமாக ஆடிச் சம்பாதித்ததைத் திரும்ப வாங்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே இடமில்லை. அந்தப் பொருளின் விதியையே கேம்பெய்ன் தடைசெய்தால் மட்டும், அதன் முழு விலையைத் தங்கமாகக் கொடுத்துவிட வேண்டும். பாதி விலை கொடுத்தால் அது தண்டனை.

கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. பரிசு சில சமயம் இன்னொரு சாகசத்தைக் கைகாட்டும்: «எண் 9-இல் வைத்தியரிடம் இந்தத் தாளைக் காட்டினால் சாபம் நீங்கும்.» எண் 9 போய்விட்டால் சாபம் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஓய்வு கொடுக்குமுன் எல்லாப் பதிவுத்தாள் மாதிரிகளிலும் அந்த எண்ணைத் தேடி, எங்கே வந்தாலும் மாற்று வழியை எழுதி வையுங்கள்.

அதே நபர்: பழைய பதிவுத்தாள் அழிந்துகொண்டே வருகிறது.

சாதாரண பிவிசி உறையில் லேசர் பிரிண்டை நாள் கணக்கில் வைத்தால், நம்மூர் வெயிலில் எழுத்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு உறையோடு பெயர்ந்து வரும். பாலிபுரொப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள். இங்க்ஜெட் பிரிண்ட் ஈரம் பட்டாலே பரவும். கையெழுத்துக்குப் பால்பாயிண்ட் பேனா. போட்டோ ஒன்று எடுத்து, கேரக்டர் பெயரும் தேதியும் போட்டுச் சேமியுங்கள். ஓய்வுபெற்ற சாகசத்துக்கு நகல் தாள் கேட்டால், அதை ஓட்டிய ஜிஎம்மே பல சமயம் இருக்கமாட்டார்.

ஏற்காடு: கடைசி ஆட்டத்தை மலையில் வைத்துக்கொள்ளலாமா? ஒரே நாளில் இரண்டு பாகம்?

தாராளமாக வையுங்கள், ஆனால் ஒரு பாகம் மட்டும். ஒரு சாகசத்துக்கு நாலு முதல் ஐந்து மணி நேரம். காலை பத்துக்குத் தொடங்கி, சாப்பிட்டு, இரண்டாவதையும் ஆடினால் எட்டு மணியாகிவிடும். இருட்டிலும் பனியிலும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் டூவீலரில் இறங்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். சேலத்தில் முதல் இரண்டு பாகம், மலையில் மூன்றாவது என்று வையுங்கள். பனி நாளில் வரைபடத் தாள் நமுத்துச் சுருளும், எனவே அட்டையில் ஒட்டிக் கொண்டுபோங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: எண் 7-ஐ எழுதியது நான். மனசு கஷ்டமாக இருக்கிறது அக்கா.

இருக்கத்தான் செய்யும். எழுதியவருக்கு அறிவிப்புக்கு முன்பே நேரில் சொல்ல வேண்டும், குழுவில் எல்லோரோடும் சேர்ந்து படிக்க விடக் கூடாது. உங்களுக்குச் சொல்லாமல் போட்டிருந்தால் அது எங்கள் தவறு. திருத்தித் தர விரும்புகிறீர்களா என்றும் கேட்டிருக்க வேண்டும். எண் 7-க்கு வேண்டியது பெரிய வேலையல்ல: வேலை கொடுக்கும் தலைவரை மாற்றணும், கடைசிச் சண்டையின் எண்களைப் புது விதிக்குக் கொண்டுவரணும், எண் 14-ஐ ஒட்டி முடிவை மாற்றணும். செய்தால் எண் 34 என்று புது எண்ணில் வரட்டும். பழைய எண்ணை மறுபடி பயன்படுத்தினால், எந்தப் பதிவுத்தாள் எதனுடையது என்று யாருக்கும் தெரியாமல் போகும். பழைய 7-ஐ ஆடியவர்கள் 34-ஐயும் பதிவுக்கு ஆடலாம், ஆனால் மர்மத்தின் விடை மாறியிருந்தால் மட்டும்.

திருத்த மனமில்லை என்றாலும் சாகசம் உங்களுடையதுதான். வீட்டில் பதிவில்லாமல் யாரும் ஆடலாம். விலைக்கு வாங்கிய பிடிஎஃப்பைத்தான் ஊருக்கு அனுப்பக் கூடாது. நீங்கள் எழுதியதை யாருக்குத் தருவது என்பது உங்கள் இஷ்டம். அடுத்த ஞாயிறு கையெழுத்துப் பிரதியை எடுத்துவாருங்கள், தலைவர் வரும் இடங்களை முதலில் குறித்துவிடுவோம்.