இருமினால் கசிகிறது, டேப் வைக்கலாமா?

சிறுநீர்க் கசிவு பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சொன்னதும் வந்தவற்றில் பெரும்பாலானவை 'டேப் ஆபரேஷன்' பற்றித்தான். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்தார்கள். யாருடையதையும் போடவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

வயது 46. இரண்டும் சுகப்பிரசவம். இருமினாலும் தும்மினாலும் கசிகிறது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சேலையே நனைந்துவிடுகிறது. 'டேப் வைத்துவிடலாம், அரை மணி நேர வேலை' என்கிறார் டாக்டர். அது என்ன டேப்? உள்ளேயே இருக்குமா?

ஆமாம், உள்ளேயேதான் இருக்கும். பின்னால் எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில் வைக்கிற பொருள் அல்ல அது. அதனால்தான் 'அரை மணி நேர வேலை' என்ற ஒரு வரியோடு இந்தப் பேச்சு முடிந்துவிடக் கூடாது என்கிறேன்.

உங்களுக்கு இருப்பது அழுத்தக் கசிவு போலத் தெரிகிறது. ரப்பர் குழாயைச் சிமென்ட் தரையில் வைத்து மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். சேற்றில் வைத்து மிதித்தால் குழாய் உள்ளே அமுங்குமே தவிர, தண்ணீர் நிற்காது. பிரசவத்திலும் வயது கூடும்போதும், சிறுநீர் வெளியே வரும் குழாயான சிறுநீர்த் தாரைக்கு அடியில் இருக்கும் தாங்கு திசு தளர்ந்துபோகிறது. இருமும்போது வயிற்றிலிருந்து வரும் அழுத்தம் தாரையை மூட முடியாமல் போய், கசிகிறது.

அந்தத் தாங்கலைத் திரும்பக் கொடுப்பதுதான் டேப், அதாவது ஸ்லிங். பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் பின்னிய, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள வலைப்பட்டை. இந்த வலையைத்தான் மெஷ் என்கிறார்கள். சுவீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டனும் ஆஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸும் சேர்ந்து யோசித்த கருத்திலிருந்து பிறந்தது. 1996-ல் உல்ம்ஸ்டன் இந்த ஆபரேஷனை விவரித்து எழுதினார். பிறப்புறுப்பின் முன்சுவரில் சிறியதாக ஒரு கீறல் போட்டு, தாரையின் நடுப்பகுதிக்கு அடியில் பட்டையைக் கொண்டுபோய் இரு பக்கமும் ஊசியால் வெளியே எடுப்பார்கள். தையல் போட்டுக் கட்டுவதில்லை. வலையின் துளைகளுக்குள் உங்கள் திசுவே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். பட்டையை இழுத்துச் சரிசெய்யும்போது தாரைக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு கத்தரிக்கோல் நுனியை வைத்துக்கொள்வோம், இறுகிவிடக் கூடாது என்பதற்காக. ஆபரேஷனில் கைப்பக்குவம் என்று ஏதாவது இருந்தால் அது இந்த இடத்தில்தான்.

சரி, உடனே வைத்துக்கொள்ளலாமா? இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை ஒழுங்காக மூன்று மாதம் செய்து பார்த்தீர்களா என்று முதலில் கேட்பேன். 'செய்தேன் டாக்டர்' என்பவர்களைப் பரிசோதிக்கும்போது செய்யச் சொன்னால், பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்குகிறார்கள். சிலர் கீழ்நோக்கி முக்குகிறார்கள். அது கசிவைக் கூட்டும். வாயுவை அடக்குவதுபோல் உள்ளே, மேல்நோக்கி இழுக்க வேண்டும். வயிறு அசையக் கூடாது. பேச்சு நிற்கக் கூடாது. ஒரு தடவைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று தடவை. முடிந்தால் இதில் பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நெதர்லாந்தில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், நேராக ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 90.8 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் தேறியதாகச் சொன்னார்கள். பிசியோதெரபியில் தொடங்கியவர்களில் 64.4 சதவீதம். பயிற்சிப் பிரிவில் ஏறக்குறைய பாதிப் பேர் நடுவில் ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். இதை ஆபரேஷனுக்கு ஆதரவாகவும் படிக்கலாம். மற்றப் பாதிப் பேர் அந்த வருடத்தில் ஆபரேஷன் பக்கமே போகவில்லை என்றும் படிக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் முதலில் கண்ணில் படுகிறது. உடல் எடை அதிகம் என்றால் கொஞ்சம் குறைத்தாலே கசிவு கண்ணுக்குத் தெரிய இறங்கும். நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் இருந்தால் அவற்றையும் கவனித்தாக வேண்டும்.

எனக்கு 58. அவசரம் வந்துவிட்டால் பாத்ரூம் தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் போய்விடுகிறது. ராத்திரி நாலு முறை எழுந்திருக்கிறேன். என் ஓரகத்திக்கு டேப் வைத்துச் சரியாகிவிட்டது. எனக்கும் வைக்கச் சொல்லலாமா?

வேண்டாம். உங்களுக்கு இருப்பது வேறு. சிறுநீர்ப்பை நிறையும் முன்பே சுருங்குவதால் வரும் அவசரக் கசிவு இது. டேப் இதற்கான வைத்தியம் அல்ல. சிலருக்கு டேப் வைத்த பிறகு புதிதாக இந்த அவசரம் வருவதும் உண்டு.

சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தச் சர்க்கரை இரண்டையும் பாருங்கள். மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது, எப்போது கசிந்தது என்று எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். எவ்வளவு என்பதற்கு அளவு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை போதும். காபி, டீயைக் குறைப்பது, போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பழகுவது, அப்புறம் மாத்திரை என்று வைத்தியம் அந்த வரிசையில் போகும். கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடாதீர்கள். சிறுநீர் அடர்த்தியானால் பைக்கு எரிச்சல்தான் கூடும்.

இரண்டு வகையும் கலந்து இருப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு எது அதிகத் தொல்லை என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே மெஷ் வைப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்கிறார்கள். மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு அதே மெஷ் ஸ்லிங் வைக்கச் சொல்கிறார்கள். எப்படிச் சம்மதிப்பது?

உங்கள் பயம் நியாயமானது. இந்த விஷயத்தில் இரண்டு வெவ்வேறு ஆபரேஷன்கள் ஒரே பெயரில் கலந்துபோனதால் அதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன்.

ஒன்று, கசிவுக்கு வைக்கும் மெல்லிய பட்டை. இன்னொன்று, கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ இறங்கிவிட்டால் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் பெரிய வலை. இரண்டாவதில் வலையின் பரப்பு மிக அதிகம். வலை வெளியே தெரிவது, வலி, திரும்பத் திரும்ப ஆபரேஷன் என்ற தொல்லைகளும் அதிகம். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ. 2008-லும் 2011-லும் எச்சரித்து, 2019 ஏப்ரலில் இந்த இறக்கத்துக்கான வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. கசிவுக்கான பட்டை அந்த உத்தரவில் சேரவில்லை.

இங்கிலாந்து இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. பாரோனஸ் கம்பர்லெஜ் தலைமையில் இதை விசாரித்த குழுவின் பரிந்துரைப்படி 2018 ஜூலையில் இரண்டையுமே நிறுத்திவைத்தார்கள். அதற்கு முன்பே, 2014-லேயே ஸ்காட்லாந்து அரசு, மெஷ் வைப்பதை நிறுத்திவைக்கும்படி மருத்துவமனைகளைக் கேட்டிருந்தது. 2023-ல் நியூசிலாந்தும் கசிவுக்கான மெஷ்ஷை நிறுத்திவைத்தது. கம்பர்லெஜ் குழுவின் 2020 அறிக்கையில் என்னைத் தைத்தது வலையைப் பற்றிய பகுதியைவிட, வலி என்று வந்த பெண்களை 'எல்லாம் மனப்பிரமை' என்கிற தோரணையில் டாக்டர்கள் திருப்பி அனுப்பியதுதான். ஆபரேஷனுக்கு முன் ஆபத்துகளைச் சொல்லவும் இல்லை, பின்னால் வந்தபோது நம்பவும் இல்லை. நம் ஊரில் அது நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன்.

மறுபக்கமும் உண்டு. முதன்முதலில் வந்த டேப்பை வைத்துக்கொண்டவர்களை நோர்டிக் நாடுகளில் 17 வருடம் தொடர்ந்து பார்த்ததில், பரிசோதனைக்கு வந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் இருமினால் கசியாமல் இருந்தார்கள். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஸ்லிங் இன்றும் செய்யப்படுகிறது. பெரும்பாலோருக்கு நல்லபடியாக முடிகிறது. சிலருக்கு வரும் தொல்லை பெரிது, பதிந்த வலையை முழுசாக வெளியே எடுப்பது வைப்பதைவிடப் பல மடங்கு கடினம். இரண்டும் உண்மை.

அம்மாவின் டாக்டரிடம் ஃபோனிலாவது இவற்றைக் கேளுங்கள். இது கசிவுக்கா, இறக்கத்துக்கா? இருமல் பரிசோதனையில் கசிவை நேரில் பார்த்தீர்களா? வருடத்துக்கு எத்தனை பேருக்கு வைக்கிறீர்கள்? சிக்கல் வந்தால் நீங்களே பார்ப்பீர்களா, யாரிடம் அனுப்புவீர்கள்? மெஷ் இல்லாத வழி என்ன? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் போகலாம். ஆபரேஷன் முடிந்ததும் அந்தப் பொட்டலத்தில் இருக்கும் ஸ்டிக்கரை, கம்பெனி பெயரும் லாட் எண்ணும் உள்ளதை, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து என்ன வைத்தார்கள் என்று யாராவது கேட்டால் அது ஒன்றுதான் சாட்சி.

டி.வி.டி. நல்லதா, டி.ஓ.டி. நல்லதா?

இரண்டும் டேப் வைக்கும் வழிகள்தான். முதலாவதில் பட்டை இடுப்பெலும்புக்குப் பின்னால் ஏறி அடிவயிற்றில் வெளிவரும். இரண்டாவதில் பக்கவாட்டில் போய்த் தொடையிடுக்கில். 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 597 பெண்களை ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் பரிசோதனைப்படி வெற்றி டி.வி.டி.யில் 80.8 சதவீதம், டி.ஓ.டி.யில் 77.7 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தொல்லைகளில். சிறுநீர்ப்பையில் ஊசி குத்திவிடுவதும், சிறுநீர் போக முடியாமல் மறு ஆபரேஷன் தேவைப்படுவதும் டி.வி.டி.யில்தான் வந்தன. மரத்துப்போவது, கால் பலவீனம் போன்றவை டி.ஓ.டி.யில் 9.4 சதவீதம், டி.வி.டி.யில் 4.

நான் டி.வி.டி. பக்கம் கொஞ்சம் சாய்வேன். பையில் குத்தினால் அங்கேயே சிஸ்டோஸ்கோப் (பைக்குள் பார்க்கும் மெல்லிய குழாய்க் கருவி) விட்டுப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். தொடையிடுக்கில் தங்கிவிடும் வலியை அப்படி உடனே சரிசெய்ய முடியாது. ஆனால் அடிவயிற்றில் முன்பு பல ஆபரேஷன் நடந்தவருக்கு இந்தக் கணக்கு மாறும். உங்கள் டாக்டரின் கை எதில் பழகியது என்பதும் முக்கியம்.

டேப் வைத்து நாலு வருடம் ஆகிறது. கசிவு இல்லை. ஆறு மாதமாக லேசாக ரத்தக் கறை. கணவருக்கு ஏதோ குத்துகிறதாம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாமல் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வலையின் ஓரம் பிறப்புறுப்பின் சுவரைத் தாண்டி வெளியே தெரிகிறது என்று நினைக்கிறேன். டேப் வைத்தவர்களில் சில சதவீதம் பேருக்கு இப்படி வரும். விரலால் தொட்டாலே டாக்டருக்குச் சொரசொரவென்று தட்டுப்படும். சின்னதாக இருந்தால் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தடவிப் பார்ப்பது, ஆறாவிட்டால் வெளியே தெரியும் துண்டை வெட்டி மேலே தைத்துவிடுவது. சிறுநீரில் ரத்தமோ, அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷனோ இருந்தால் சிஸ்டோஸ்கோப்பி அவசியம். பட்டை பைக்குள்ளோ தாரைக்குள்ளோ போயிருக்கலாம். மாதவிடாய் நின்றவர் என்றால் ரத்தக் கறைக்குக் கர்ப்பப்பையையும் அதன் கழுத்துப் பகுதியையும் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் டேப்பின் தலையில் போட்டுவிடக் கூடாது.

போன வாரம் அக்காவுக்கு ஸ்லிங் வைத்தார்கள். சிறுநீர் போகவில்லை என்று டியூபோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தப்பாகிவிட்டதா?

அப்படி நினைக்க வேண்டியதில்லை. வீக்கம், வலி, மரப்பு ஊசி எல்லாம் சேர்ந்து முதல் சில நாள் இப்படி ஆகும். பலருக்குத் தானாகவே சரியாகும். டியூபை எடுத்த பிறகு, போய்விட்டு வந்ததும் ஸ்கேனில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மிச்சம் அதிகமாகவே இருந்தால் டேப் இறுக்கம்தான். முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் என்றால் கீறலைத் திறந்து தளர்த்தலாம். அப்புறம் என்றால் பட்டையை நடுவில் வெட்டிவிடுவார்கள். வெட்டினாலும் பலருக்குக் கசிவு திரும்புவதில்லை. 'போகப்போகச் சரியாகும்' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட மட்டும் விடாதீர்கள். காய்ச்சல், அடிவயிற்றில் கடும் வலி, திடீரென்று அதிக ரத்தம் என்றால் அன்றே போக வேண்டும்.

வயது 31. இன்னொரு குழந்தை வேண்டும். இப்போதே டேப் வைக்கலாமா?

குழந்தை பிறந்த பிறகு பார்க்கலாம். கர்ப்பமும் பிரசவமும் ஆபரேஷனின் பலனைக் கெடுக்கலாம். அதுவரை பயிற்சி.

மெஷ்ஷே வேண்டாம் என்றால்?

மூன்று வழி. உங்கள் வயிற்றுச் சுவரிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுத்த சவ்வுப் பட்டையை வைக்கலாம். நன்றாக வேலை செய்யும். ஆனால் கீறல் பெரிது, சிறுநீர் தடைபடும் வாய்ப்பு அதிகம். 1961-ல் பர்ச் என்ற டாக்டர் விவரித்த தையல் முறை இன்னொன்று. வயிற்றைத் திறந்தோ லேப்ராஸ்கோப்பியிலோ செய்வார்கள். மூன்றாவது, தாரையின் சுவரில் ஜெல் ஊசி. எளிது, பலன் குறைவு, திரும்பப் போட வேண்டி வரலாம். முதல் இரண்டையும் செய்யப் பழகியவர்கள் டேப் வந்த பிறகு குறைந்துபோனார்கள். அது எங்கள் துறைக்கு நஷ்டம்தான்.

கணவருக்கு 67. புராஸ்டேட் கேன்சர் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம். நாளுக்கு நாலு பேட். ஆண்களுக்கும் ஸ்லிங் உண்டா?

உண்டு. ஆனால் ஒரு வருடம்வரை கசிவு தானாகக் குறைய வாய்ப்பிருக்கிறது. அதுவரை அதே இடுப்புத்தளப் பயிற்சி. ஸ்லிங் லேசான, நடுத்தரக் கசிவுக்கு ஏற்றது. ரேடியேஷன் கொடுத்திருந்தால் பலன் குறையும். அதிகக் கசிவுக்குச் செயற்கை வால்வுதான் நம்பகமானது. தாரையைச் சுற்றி நீர் நிரம்பிய ஒரு வளையம், விதைப்பைக்குள் ஒரு சின்ன பம்ப். பம்பை அமுக்கினால் வளையம் தளர்ந்து சிறுநீர் போகும். சில நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும். விலைதான் மிக அதிகம். இதை வைத்தவருக்குப் பிற்பாடு வேறு எதற்காகவாவது யூரின் டியூப் போட நேர்ந்தால், வால்வைத் திறந்து நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் தாரை புண்ணாகிவிடும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

டேப் வைத்திருக்கிறேன். முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். டேப்பில் உலோகம் இல்லை. ஃபாரத்தில் கேட்டால் மட்டும் எழுதிக்கொடுங்கள்.