‘சோப்ளாங்கி’க்கு இங்கிலீஷில் என்ன?

அன்புள்ள அண்ணா,

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். வயது 26, ஐடி வேலை. சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்கு நான் ‘சோப்ளாங்கி’. இன்றும் மீட்டிங்கில் வாய் திறக்க வராது. ஊர் கேட்டால் பெரம்பூர் என்று சொல்லிவிடுவேன். சுயமதிப்பை வளர்க்க ஒரு தெரபிஸ்டைப் பார்க்க வேண்டும். அடையாறில் ஒருவர் இருக்கிறார், ஆனால் முழுக்க இங்கிலீஷ். மூன்று மாதம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படித்துவிட்டுப் போகலாமா? தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டாலே போதுமா?

– ர.

அன்புள்ள தம்பி,

பேச்சை விடுங்கள். வீடு வந்து சேர்வதற்குள் வடிந்துவிடும்.

ஆனால் அந்த மூன்று மாதம்! குளிக்கப் போகிறவன் அழுக்கை வீட்டிலேயே தேய்த்துவிட்டா போவான்? தெரபிஸ்ட் முன்னாலும் பரீட்சை எழுதித்தான் உட்காருவேன் என்கிறீர்களே, நீங்கள் காட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டியதே அதைத்தானே.

சுயமதிப்புக்குப் பெரும்பாலும் சி.பி.டி. முறையில் வேலை செய்வார்கள், அதாவது மனதில் ஓடும் எண்ணத்தையும் அதனால் நாம் நடந்துகொள்வதையும் சோதித்து மாற்றும் சிகிச்சை. ஒரு நோட்டில் நாலு பத்தி: என்ன நடந்தது, அப்போது மனதில் ஓடிய வரி, அதை நூற்றுக்கு எத்தனை நம்பினீர்கள், கடைசியில் நிஜமாக என்ன ஆனது. உங்கள் நோட்டில் இப்படி இருக்கலாம்: ‘டீ பிரேக். ஊர் கேட்டாங்க. வியாசர்பாடின்னா அவ்ளோதான், ஒதுக்கிடுவாங்க. 90.’ நாலாவது பத்தி காலி. பெரம்பூர் என்று சொல்லித் தப்பித்ததால் அந்த 90 சோதனைக்கே வரவில்லை, அப்படியே நிற்கிறது. ஒரே ஒருவரிடம் உண்மையைச் சொல்லிப் பார்க்கச் சொல்வார். அவர் ‘அங்க எந்தப் பக்கம்?’ என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தால் 90 கொஞ்சம் இறங்கும். முகம் சுளித்தாலும், மறுநாள் என்ன ஆகிறது என்று சேர்ந்து பார்ப்பீர்கள்.

அந்த இரண்டாவது பத்தி, காயம் பட்ட மொழியிலேயே இருக்க வேண்டும் தம்பி. ‘ஐ ஃபீல் இன்அடிக்வேட்’ என்று எழுதினால் அழகாக எதிர்வாதமும் எழுதிவிடுவீர்கள், உள்ளே ஒன்றும் அசையாது. ‘சோப்ளாங்கி’ என்று எழுதினால் கை நடுங்கும். அதில் அப்பாவின் குரல் இருக்கிறது. அந்தச் சொல்லை விளக்கவுரை இல்லாமல் கேட்கத் தெரிந்தவர்தான் உங்களுக்கு வேண்டும்.

‘கவுன்சிலர்’ என்று யார் யாரோ போர்டு மாட்டியிருக்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள். எந்த முறை, எத்தனை அமர்வு, வீட்டுப்பாடம் உண்டா, கட்டணம் எவ்வளவு என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஒரு அமர்வு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். இரண்டாவது, மூன்றாவதில் மனம் இன்னும் கனக்கலாம். பழையதைக் கிளறினால் அப்படித்தான், அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். ஆறு அமர்வாகியும் அறிவுரையும் பாராட்டும் மட்டுமே வந்தால் ஆளை மாற்றுங்கள்.

பணம் இடித்தால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம்தான். காலையில் மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு வாங்கி, சைக்காலஜிஸ்டிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரி. உயிரோடு இருப்பதே வீண் என்று தோன்றினால் அன்றைக்கே 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

அடையாறுக்காரருக்கு இன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்: ‘நான் தமிழில்தான் பேசுவேன், வியாசர்பாடித் தமிழ். பார்ப்பீர்களா?’ முடியாது என்றால் அடுத்தவருக்கு அதே வரியை அனுப்புங்கள்.