பதில்: முறுக்கு கம்பெனிக்குப் போன பக்கத்து வீட்டுப் பையன்

நண்பா, உசிலம்பட்டி பக்கம்னு சொன்னதுமே புரிஞ்சுபோச்சு, எங்க ஊர்லயும் இதே கதைதான், ஏஜெண்ட் வருவான், அப்பன் கையில இருபதாயிரம் அட்வான்ஸ், எட்டாவது படிக்கிற பையன் மகாராஷ்டிராவுக்கு முறுக்கு பிழிய ரயில் ஏறிடுவான்.

பக்கத்து வீட்டுப் பையனை, அவங்கப்பா வாங்குன அட்வான்ஸ திருப்பிக் குடுத்தாதான் முறுக்கு கம்பெனிலேர்ந்து விடுவாங்களான்னு கேட்டிருக்கீங்க. குடுக்கவே வேணாம். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது, ஆர்.டி.ஓ (வருவாய் கோட்டாட்சியர்) விசாரிச்சு விடுதலைச் சான்றிதழ் குடுப்பாரு, அதை கேட்டு வாங்கிடுங்க, மறுவாழ்வுப் பணத்துக்கு அதுதான் ஆதாரம். பையனுக்கு 13ன்னா 2016 திருத்தத்துக்கு அப்புறம் எந்தக் கம்பெனியிலயும் வேலைக்கு வைக்கவே கூடாது, முதலாளிக்கு ஆறு மாசத்துலேர்ந்து ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். இன்னைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுங்க, உங்க பேரை வெளிய சொல்ல மாட்டாங்க. ஏஜெண்ட்கிட்ட மட்டும் பேசிடாதீங்க, பையனை ராத்திரியோட ராத்திரியா வேற ஊருக்கு மாத்திடுவான்.

அவங்கப்பாவ திட்டாதீங்க. எங்க சித்தப்பாவும் பதினொரு வயசுல இப்படிப் போனவருதான், முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறிச்ச தழும்பு, இப்பவும் பஸ் போர்டை பக்கத்துல இருக்கவங்கள படிக்கச் சொல்லித்தான் ஏறுவாரு. கந்துவட்டிக்காரன் நீட்டுன பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னே தெரியாம கைநாட்டு வச்சாரு, கடைசில அந்தக் கடனை அடைக்கத்தான் தன்னோட மூத்த பையனையும் இதே மாதிரி வேலைக்கு அனுப்புனாரு.

பையன் வந்ததும் டிசி இல்லேன்னு ஸ்கூல்ல இழுத்தடிச்சா விடாதீங்க, வயசுக்கேத்த கிளாஸ்ல சேத்துதான் ஆகணும். போன் போட்டுட்டு இங்க சொல்லுங்க.