பாசிர் ரிஸ் வீடா, ஹாலா, வாடகை அறையா? மருத்துவம் படிக்கப் போகும் தங்கைக்கு என் பதில்

கேள்வி இது: "ஆகஸ்ட்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்கிறேன். வீடு பாசிர் ரிஸ்ஸில். நாலறை வீடு, பாட்டியும் தங்கையும் நானும் ஒரே அறை. தினமும் போய் வருவதா, பல்கலைக்கழக விடுதியான ஹாலில் தங்குவதா, கிளமெண்டி பக்கம் அறை வாடகைக்கு எடுப்பதா? 'வீடு இருக்கும்போது விடுதி எதுக்கு?' என்கிறார் அம்மா."

வாழ்த்துகள், தங்கச்சி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருடம் ஹாலில் இடம் கிடைத்தால் போய்விடுங்கள். மூன்றாம் வருடம் பாசிர் ரிஸ்ஸுக்கே திரும்பிவிடுங்கள். வாடகை அறை வேண்டாம்.

நான் 2014இல் தெம்பனிஸ் வீட்டிலிருந்து அதே மருத்துவப் பள்ளிக்குப் போனவள். நீங்கள் கேட்கும் மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றைத் தப்பாகச் செய்தேன்.

இந்தக் கேள்வியைக் கேட்கிற எல்லோரும், பள்ளி ஐந்து வருடமும் ஒரே இடத்தில் இருக்கும் என்று எண்ணித்தான் கணக்குப் போடுகிறோம். முதல் இரண்டு வருடத்துக்கு அது சரி. விரிவுரை, டியூட்டோரியல், உடற்கூறியல் எல்லாமே பல்கலைக்கழகம் இருக்கும் கென்ட் ரிட்ஜ் பக்கம்தான் நடக்கும். மூன்றாம் வருடம் வார்டுக்குள் போன பிறகு பள்ளி தீவு முழுக்கப் பரந்துவிடும். தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சில வாரம், பிறகு ஜூரோங் ஈஸ்ட்டில் இங் டெங் ஃபோங், ஊட்ரமில் சிங்கப்பூர் பொது மருத்துவமனை, நொவினாவில் டான் டோக் செங், சீமெய்யில் சாங்கி பொது மருத்துவமனை, ஈசூனில் கூ டெக் புவாட், குழந்தை மருத்துவத்துக்கும் பிரசவத்துக்கும் கேகே மருத்துவமனை. எந்தப் போஸ்டிங், அதாவது எந்தப் பிரிவில் பயிற்சி, எங்கே விழும் என்பது உங்கள் கையில் இல்லை.

என் தப்பைச் சொல்கிறேன். இரண்டாம் வருடம் முடிந்ததும் ஹாலில் இடம் போய்விட்டது. ஹாலில் அடுத்த வருடமும் இருக்க வேண்டுமென்றால் விளையாட்டு, நாடகம், குழு வேலை என்று ஏதாவது ஒன்றில் சேர்ந்து புள்ளி சேர்க்க வேண்டும். என்னிடம் போதுமான புள்ளி இல்லை. வீட்டுக்குத் திரும்ப மனசு வரவில்லை. பழகிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்போம் என்று கிளமெண்டியில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அறை எடுத்தேன். வீவக அறையை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட அனுமதி இல்லை, தனியார் வீடென்றால் மூன்று மாதம். எனவே ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டு, ஒரு மாத முன்பணமும் கட்டினேன்.

இரண்டு வாரம் கழித்துப் போஸ்டிங் பட்டியல் வந்தது. அறுவை சிகிச்சைப் பிரிவு, சீமெய்.

கிளமெண்டியிலிருந்து சீமெய் 20 நிறுத்தம். அறுவை சிகிச்சைக் குழு ஏழு மணிக்கு ரவுண்ட்ஸ், அதாவது படுக்கை படுக்கையாக நோயாளிகளைப் பார்ப்பதை, தொடங்கிவிடும். மாணவர் அதற்கு முன்பே போய்த் தன் நோயாளியைப் பார்த்து, இரவு காய்ச்சல் இருந்ததா, வடிகுழாயில் எவ்வளவு வந்திருக்கிறது என்று குறித்து வைத்திருக்க வேண்டும். நாலரைக்கு எழுந்து, முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து, தீவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தேன். சீமெய்யில் கதவு திறக்கும்போதே அடுத்த நிலையம் தெம்பனிஸ் என்று அறிவிப்பு வரும். அங்கே, அம்மா எழுந்து விளக்கேற்றி, பசியாறத் தோசைக்கல்லை வைத்திருக்கும் நேரம் அது. நான் மேற்கில் ஓர் அறைக்கு வாடகை கட்டிவிட்டு, அம்மா வீட்டுக்கு ஒரு நிலையம் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் ரயிலிலேயே தூங்கி பாசிர் ரிஸ் வரை போய்விட்டேன். திரும்பி வந்து வார்டுக்குள் நுழைந்தபோது குழு என் நோயாளியின் படுக்கையைத் தாண்டியிருந்தது. யாரும் திட்டவில்லை. அந்தத் தாத்தா மட்டும், "இன்னிக்கு ஏம்மா லேட்டு?" என்று கேட்டார். ஆறு மாதத்தில் நான் கென்ட் ரிட்ஜ் பக்கம் போனது சில வாரம்தான்.

அறை தேடியதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பெயரும் தமிழ்ப் பெயர்தான். ஒரு முகவர் என் பெயரைக் கேட்டதுமே, "ஓனருக்கு இந்தியர் வேண்டாமாம்" என்று போனை வைத்தார். இன்னொருவர் சமையல் கூடாது, தண்ணீர் கொதிக்க வைக்கலாம் என்றார். பிறந்து வளர்ந்த ஊரில் அதைக் கேட்பது வலித்தது. கடைசியில் கிடைத்த வீட்டு அம்மா நல்லவர், சீனப் பாட்டி, எனக்கு ஆரஞ்சு உரித்து வைப்பார். ஆனாலும் சமையலறை அவருடையதுதான். இரவு பத்து மணிக்கு மேல் அங்கே ஒரு முட்டையைப் பொரிக்கக்கூட எனக்குத் தயக்கமாக இருக்கும். பதினெட்டு, பத்தொன்பது வயதில், முதல் வருடப் பாரத்தோடு இதையும் சுமக்காதீர்கள்.

இனி ஹால். இதை அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து புவன விஸ்தா 20 நிறுத்தம். அங்கே வட்டப் பாதைக்கு மாறி இரண்டாவது நிலையம் கென்ட் ரிட்ஜ். வாசலிலிருந்து வகுப்பு வரை ஒன்றேகால் மணி நேரம் என்று வையுங்கள். போக வர இரண்டரை மணி, வாரத்துக்குப் பன்னிரண்டரை மணி. ஒரு நல்லது உண்டு: பாசிர் ரிஸ் தொடக்க நிலையம், காலையில் உட்கார இடம் கிடைக்கும். மடியில் போனை வைத்து நரம்புப் பெயர்களை மனப்பாடம் செய்யலாம். மாலையில் அப்படி இல்லை. புவன விஸ்தாவில் ஏறினால் பாய லேபார் வரை கம்பியைப் பிடித்து நின்றுதான் வர வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்து சேரும்போது உடம்பில் ஒன்றும் மிஞ்சாது.

நேரத்துக்காக மட்டும் ஹாலுக்குப் போகச் சொல்லவில்லை. முதல் உடற்கூறியல் வகுப்பு முடிந்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தங்கள் உடலைப் படிப்புக்குத் தந்தவர்களை எங்கள் பள்ளியில் மௌன ஆசான்கள் என்றுதான் சொல்வோம். அன்று ஓர் ஆசானின் கையை முதல்முறையாகத் தொட்டேன். நகத்தில் யாரோ அக்கறையாக வெட்டிவிட்ட அடையாளம் இருந்தது. இரண்டு தடவை தலைக்குக் குளித்தும் மருந்து வாடை முடியை விட்டுப் போகவில்லை. வீட்டில் இருந்திருந்தால் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். பாட்டியிடம் எப்படிச் சொல்வது? ஹாலின் பேன்ட்ரியில் அதே வகுப்பிலிருந்து வந்த நாலு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மைலோ கலக்கினோம். அதிகம் பேசவில்லை. ஒருத்தி அழுதாள். அந்த நாலு பேரும் இன்றும் என் நண்பர்கள், டியூட்டியை மாற்றிக்கொள்ளக் கேட்டால் மறுக்காதவர்கள்.

தேர்வுக்கு முந்தின இரவுகளும் அப்படித்தான். கைக்குப் போகும் நரம்புப் பின்னலை ஒரு சீனியர் ஜன்னல் கண்ணாடியில் மார்க்கரால் வரைவார். தப்பாக வரைந்தால் இன்னொருவர் துடைத்து வரைவார். விரிவுரையில் மூன்று தடவை கேட்டும் ஏறாதது அந்தக் கண்ணாடியில் ஏறியது. கிங் எட்வர்ட் ஏழு ஹால் 1916இல் செப்பாய் லைன்ஸில் மருத்துவ மாணவர் விடுதியாகத்தான் தொடங்கியது. பள்ளி தொடங்கியது 1905இல், 23 மாணவர்களோடு. மருத்துவம் படிப்பவர்கள் ஒரே கூரையின்கீழ் தங்கிப் படிப்பது இந்த ஊரில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஹாலில் உணவுத் திட்டம் கட்டாயம், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் காசு போகும். யூனிவர்சிட்டி டவுனில் உள்ள, தங்கிப் படிக்கும் கல்லூரிகளிலும் அப்படித்தான். பிரின்ஸ் ஜார்ஜஸ் பார்க் குடியிருப்பில் உணவுத் திட்டம் இல்லை, புள்ளித் தொல்லையும் குறைவு, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்துவிடலாம். முதல் வருடத்தில் அதுதான் ஆபத்து. ஹால் கிடைக்காவிட்டால் அங்கே விண்ணப்பியுங்கள், தப்பில்லை, ஆனால் சாப்பாட்டை மட்டும் தனியாகச் சாப்பிடாதீர்கள்.

மூன்றாம் வருடம் ஏன் வீடு என்கிறேன்? ரயில் பாதை வரைபடத்தில் பச்சைக் கோட்டை, அதாவது கிழக்கு மேற்குப் பாதையைப் பாருங்கள். பாசிர் ரிஸ்ஸிலிருந்து சீமெய் இரண்டாவது நிறுத்தம். ஊட்ரம் பார்க், அலெக்சாண்ட்ராவுக்கு குவீன்ஸ்டவுன், ஜூரோங் ஈஸ்ட் எல்லாம் வண்டி மாறாமலே வரும். நொவினாவுக்கு சிட்டி ஹாலில் மாற வேண்டும். கேகேவுக்கு பூகிஸ்ஸில் டவுன்டவுன் பாதைக்கு மாறினால் இரண்டாவது நிலையம் லிட்டில் இந்தியா. ஈசூன் மட்டும்தான் கஷ்டம். அந்தச் சில வாரத்துக்கு ஈசூனில் ஓர் அத்தையோ சிநேகிதியோ இருந்தால் போய்த் தங்கிக்கொள்ளுங்கள், நம் வீடுகளில் இதற்கெல்லாம் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வார்டில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவருக்குச் சூடான சோறும், துவைத்து மடித்த ஸ்க்ரப்ஸும் எவ்வளவு பெரிய உதவி என்பது அனுபவித்தால்தான் தெரியும். ஒரு நோயாளி இறந்துபோன நாளில் என் அம்மா ஒன்றும் கேட்காமல் ரசம் வைத்துக் கொடுத்தார். ஹாலில் இருந்த காலத்தில் எனக்கு வகுப்புத் தோழர்கள் தேவைப்பட்டார்கள். வார்டுக் காலத்தில் மருத்துவத்தைப் பற்றிப் பேசாத மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

ஒரே பாதையை மட்டும் நம்பியிருப்பதில் இடர் உண்டுதான். 2024 செப்டம்பர் கடைசியில் இதே கிழக்கு மேற்குப் பாதையில் மேற்குப் பக்கம் ஆறு நாள் ரயில் தடைபட்டது. உங்கள் புளோக்கிலிருந்து ஊட்ரம் பக்கம் போகும் பேருந்து எது, ஜூரோங் போக வேறு வழி எது என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பும்போது அந்த அறை எப்படி இருக்கும் என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். மூன்று பேர் படுக்கும் அறையில் நாலரைக்கு அலாரம் அடித்தால் பாட்டியும் எழுவார், தங்கையும் எழுவாள். எங்கள் வீட்டில் அப்பா வரவேற்பறை மூலையில் ஒரு மேசை போட்டு, மேலே ஒரு விளக்கு மாட்டினார். இரவு ஒன்பதுக்கு மேல் தொலைக்காட்சி கிடையாது என்று அவரே சட்டம் போட்டார். காதுகுத்து, கல்யாணம், கோவில் என்று எல்லாவற்றுக்கும் நீங்கள் வரமாட்டீர்கள் என்பதையும் சொந்தக்காரர்களுக்கு அம்மாதான் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் திமிர் என்பார்கள், அம்மா சொன்னால் படிப்பு என்பார்கள்.

பணம். கல்விக் கட்டணக் கடன் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை தரும், படிக்கும்வரை வட்டி இல்லை. அப்பாவின் மத்திய சேம நிதியிலிருந்து எடுப்பதும் கட்டணத்துக்குத்தான். இரண்டுமே ஹால் செலவைத் தொடாது. ஹாலுக்கான காசு கையிலிருந்து வர வேண்டும். இரண்டு வருட ஹாலை மட்டும் கணக்குப் போட்டு அப்பாவிடம் காட்டுங்கள். ஐந்து வருடத்துக்குக் கேட்டால் யாரும் பயப்படத்தான் செய்வார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வரி. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியில் சேர்கிறவர்களுக்கு ஜூரோங், நொவினா என்று இரண்டு வளாகம். பூன் லேயிலிருந்து நொவினா போகும்போது ஜூரோங் ஈஸ்ட்டில் வடக்கு தெற்குப் பாதைக்கு மாறிவிடாதீர்கள், உட்லண்ட்ஸ் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு வரும். சிட்டி ஹால் போய் மாறுங்கள். ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வந்து படிக்கலாமா என்று ஒரு தம்பி போன மாதம் கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. குடிநுழைவு வரிசை எந்த நாள் எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது, ரவுண்ட்ஸ் உங்களுக்காகக் காத்திருக்காது.

தங்கச்சி, அம்மா சம்மதிக்கவில்லை என்றால் வாதம் செய்யாதீர்கள். வாரநாள் ஒன்றில், வகுப்புக்குப் போவது போலவே பையை மாட்டிக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ரயிலில் கென்ட் ரிட்ஜ் போங்கள். மருத்துவமனைப் பக்கம் ஒரு கோப்பி குடித்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு புவன விஸ்தாவில் திரும்ப ஏறுங்கள். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது, இதற்குப் பிறகு மூன்று மணி நேரம் படிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். என் அம்மா அப்படித்தான் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார், இரண்டு வருடத்தில் தேர்வு வாரம் தவிர நான் தவறவில்லை.