கூலி உயர்வைத் தள்ளிப்போட அரசால் முடியுமா? குறைந்தபட்ச ஊதியம் பற்றிய கேள்வி-பதில்

குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தமாட்டோம் என்று எந்த மாநில அரசும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. தள்ளிப்போடுவதுதான் வழக்கம். வந்திருக்கும் கடிதங்களில் பலவும் அதைத்தான் கேட்கின்றன.

எங்கள் தொழிலுக்கு அரசாணை வந்து ஐந்து ஆண்டு கடந்துவிட்டது. பழைய கூலி காலாவதி ஆகிவிட்டதா?

ஆகாது. புதிய அறிவிக்கை வரும்வரை பழைய அடிப்படை ஊதியமே சட்டப்படியான கூலி. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், ஐந்து ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் ஊதியத்தை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் கெடு தவறும் அரசுக்கு இரண்டிலும் தண்டனை கிடையாது. அதனால்தான் கோப்பு நகராமல் கிடக்கிறது.

நகர்ந்தாலும் நேரம் பிடிக்கும். அரசு ஒரு குழு அமைக்க வேண்டும், அல்லது வரைவு வெளியிட்டு ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். இறுதி அறிவிக்கையும், வேறு தேதி குறிப்பிடாவிட்டால், மூன்று மாதம் கழித்தே அமலாகும். அந்த ஆட்சேப காலத்தில் முதலாளிகள் சங்கம் தவறாமல் மனுப் போடும். தொழிலாளர்களிடமிருந்தும் மனு போக வேண்டும். வரைவு வந்த செய்தியே தெரியாமல் அந்த இரண்டு மாதத்தையும் இழந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அடிப்படை ஊதியம் கிடக்கட்டும். பஞ்சப்படியையும் இந்த ஆண்டு கிடையாது என்கிறார்கள். சரியா?

சரியில்லை. அடிப்படை ஊதியத்துக்குத்தான் புதிய அறிவிக்கை வேண்டும். பஞ்சப்படி விலைவாசிப் புள்ளியோடு கட்டப்பட்டது. தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஏப்ரல் 1ஆம் தேதியும் அது கணக்கிடப்படுகிறது.

அதையும் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் கர்நாடக ஆயத்த ஆடைத் தொழிலாளர்களுக்கு ஏற வேண்டியிருந்த பஞ்சப்படி மாதம் 417 ரூபாய் 60 காசு. கொரோனாவைக் காரணம் காட்டி அந்த மாநில அரசு ஜூலையில் ஓர் உத்தரவு போட்டு, 2021 மார்ச் 31 வரை அதைத் தள்ளிவைத்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. அப்படியும் பல ஆலைகள் பணம் தரவில்லை. தொழிற்சங்கங்களும் பன்னாட்டுத் தொழிலாளர் உரிமை அமைப்புகளும் விடாமல் நெருக்கிய பிறகு, 2022 வாக்கில்தான் நிலுவை கைக்கு வரத் தொடங்கியது. 417 ரூபாய் சிறிய தொகையாகத் தோன்றலாம். பன்னிரண்டு மாதத்துக்கு 5,011 ரூபாய். தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அது பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. இடையில் வேலையை விட்டுப் போனவர்கள் அதை வாங்க எவ்வளவு அலைய வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோர்ட்டில் வழக்கு இருக்கிறது, அதனால் புதிய கூலி கிடையாது என்று கம்பெனி சொல்கிறது.

வழக்குப் போட்டதாலேயே அறிவிக்கை நின்றுவிடாது. நீதிமன்றம் தடை விதித்திருந்தால்தான் நிற்கும். உத்தரவின் நகலைக் கேளுங்கள். தடை இருந்து, பிறகு வழக்குத் தள்ளுபடியானால், அறிவிக்கை அமலான நாளிலிருந்து நிலுவை கேட்கலாம். தமிழ்நாட்டுத் தையல் தொழிலுக்கு 2014இல் வந்த ஊதிய உயர்வை எதிர்த்து உரிமையாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2016இல்தான் தீர்ப்பு தொழிலாளர் பக்கம் வந்தது.

அவசரப்படும் அரசாலும் தாமதம் வரும். டெல்லி அரசு 2017 மார்ச்சில் கூலியை ஏறத்தாழ 37 சதவீதம் உயர்த்தியது. குழு அமைத்த முறையில் குறை இருக்கிறது என்று 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 அக்டோபரில்தான் உயர்வுக்கு வழி பிறந்தது. நடைமுறையில் விட்ட ஓர் ஓட்டை தொழிலாளிக்கு எத்தனை மாதக் கூலியை இழக்க வைக்கிறது!

குறைந்த கூலிக்குச் சம்மதம் என்று எழுதி வாங்கிவிட்டார்கள்.

செல்லாது. உங்கள் கையெழுத்துக்கு அஞ்ச வேண்டாம்.

சிறிய பட்டறை நடத்துகிறேன். உண்மையிலேயே கட்டுப்படியாகவில்லை. எனக்கு விலக்கு உண்டா?

உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் கேரள ஓட்டுத் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1961இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குறைந்தபட்ச ஊதியத்தில் முதலாளியின் சக்தி ஒரு கணக்கே அல்ல. 1957இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு இந்த ஊதியத்தை ஒரு குடும்பத்தின் மூன்று நுகர்வு அலகு (அதாவது மூன்று பெரியவர்களுக்கு ஈடான தேவை), பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி என்றுதான் கணக்கிட்டது. அதற்குக் கீழே பேரம் பேச என்ன இருக்கிறது? வேலை கொடுக்கும் பெரிய கம்பெனியிடம் ஜாப் ஒர்க் ரேட்டை உயர்த்திக் கேளுங்கள். அந்தப் போராட்டத்தில் உங்கள் தொழிலாளியும் உங்களோடு நிற்பார்.

பட்டறையை மாநகராட்சி எல்லைக்கு வெளியே மாற்றினார்கள். மண்டலம் மாறியதால் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள்.

மண்டல வாரியான தொகை என்பது அதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லை மட்டுமே. ஏற்கெனவே கூடுதலாக வாங்கிய சம்பளத்தை அதைக் காட்டித் தன்னிச்சையாகக் குறைக்க முடியாது. ஊதியத்தை மாற்ற முன்னறிவிப்புத் தர வேண்டும். தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள்.

நிலுவையை எவ்வளவு காலத்துக்குள் கேட்க வேண்டும்?

பழைய சட்டத்தில் ஆறு மாதம். புதிய சட்டத்தில் மூன்று ஆண்டு. நீங்களும் கேட்கலாம், பதிவுபெற்ற சங்கமும் உங்களுக்காகக் கேட்கலாம். நிலுவையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. சம்பளம் கொடுத்ததாக நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. ஆனாலும் அங்கே வேலை செய்ததற்கான சான்று உங்கள் கையில் இருக்கட்டும். வங்கியில் சம்பளம் ஏறினால் பாஸ்புக் பதிவு போதும். கையில் வாங்குகிறவர்கள் தேதி, தொகை, வேலை நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி, உடன் வேலை செய்பவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.