நாற்பதைத் தாண்டியும் ரிங்கில்: கேள்வி பதில்

கேள்வி: 40 வயதுக்கு மேல் ஒரு பெண் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வெல்ல முடியுமா?

பதில்: வென்றே காட்டியிருக்கிறார் அலிசியா ஆஷ்லி. 2015-ல் டபிள்யூ.பி.சி. (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்) சூப்பர் பாண்டம்வெயிட் எடைப்பிரிவில் (122 பவுண்டு) பட்டம் வென்றபோது அவருக்கு வயது 48. நடனத்திலிருந்து குத்துச்சண்டைக்கு வந்தவர். பெயர் வாங்கித் தந்ததும் தற்காப்பும் கால்வேலையும்தான். வயது ஏறினாலும் தூரத்தைக் கணிக்கும் கண் லேசில் போகாது.

கேள்வி: மேரி கோம் ஏன் ஒலிம்பிக்குக்குத் திரும்ப முடியவில்லை?

பதில்: ஒலிம்பிக் போன்ற அமெச்சூர் போட்டிகளில் உச்சவரம்பு 40 வயது, அவர் அதைத் தாண்டிவிட்டார். தொழில்முறையில் எல்லா இடத்துக்கும் பொதுவான வரம்பு கிடையாது. உரிமம் தரும் ஆணையம்தான் முடிவு செய்யும். மூளை ஸ்கேன், கண், இதயம், ரத்தப் பரிசோதனை, பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை எனப் பல இடங்களில் கேட்பார்கள். 40-ஐத் தாண்டினால் கூடுதல் சோதனைகளும் வரலாம். சண்டைக்குக் கையெழுத்திடும் முன்பே இவற்றை முடித்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு நிமிட ரவுண்டு வயதானவருக்குச் சாதகமா?

பதில்: பாதி உண்மை. பெண்களின் பட்டச் சண்டையில் வழக்கமான 10 ரவுண்டுக்கு மொத்தம் 20 நிமிடம்தான். ஆண்களின் 12 மூன்று நிமிட ரவுண்டு என்றால் 36. நேரம் குறைவதால் களைப்பு குறையும். ஆனால் எதிராளியைப் படித்துப் பொறி வைக்கவும் நேரம் இருக்காது. அனுபவசாலியின் ஆயுதமே அதுதான். உலக சாம்பியன் அமண்டா செரானோ 2023 அக்டோபரில் 12 மூன்று நிமிட ரவுண்டு ஆடி வென்றார். அதை அனுமதிக்காத டபிள்யூ.பி.சி.யின் பட்டத்தையும் துறந்தார். அவர் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து.

கேள்வி: பயிற்சியில் எதை முதலில் மாற்ற வேண்டும்?

பதில்: ஸ்பேரிங்கை, அதாவது துணையோடு ஆடும் பயிற்சிச் சண்டையை. 16 அவுன்ஸ் கையுறை, முழுவேக ஸ்பேரிங் வாரம் ஒரு முறை போதும். சண்டைக்குப் பத்து நாள் முன்பே நிறுத்துங்கள். தலையில் வாங்கும் அடி கணக்கில் சேர்ந்துகொண்டே போகும், அதற்கு ஓய்வு ஈடாகாது.

கேள்வி: எடை குறைக்க நீரை வற்றவிடலாமா?

பதில்: இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. எடை பார்ப்பது பெரும்பாலும் முந்தைய நாள். இழந்த நீர் ஒரே நாளில் முழுதாகத் திரும்பாது. வயது கூடினால் தாகமும் மந்தமாகத்தான் தெரியும். வறண்ட உடலோடு ரிங்கில் ஏறினால் கால் முதலில் சோரும், தலைக்கு ஆபத்தும் கூடும். சில வாரங்களுக்கு முன்பே உணவால் மெல்ல இறக்குங்கள். முடியவில்லையா, மேல் எடைப்பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: மணிக்கட்டு வலிக்கிறது, கையுறைக்குள் சுற்றும் துணிக்கட்டு சரியில்லையோ?

பதில்: 4.5 மீட்டர் துணி எடுங்கள். விரல்களை அகல விரித்து வைத்தே சுற்றுங்கள். மூடிய கையில் சுற்றினால் முஷ்டி பிடிக்கும்போது இறுகும். மணிக்கட்டுக்கு மூன்று சுற்று, பிறகு விரல் முட்டிகள், விரலிடுக்கு, கடைசியில் மீண்டும் மணிக்கட்டு. விரல்நுனி நீலம் பாய்ந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். கட்டு சரியாகியும் வலி நின்றபாடில்லை என்றால் பயிற்சிப் பையைக் குத்துவதை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுங்கள்.